கர்ப்பிணிகளும் இனிப்பு நீரும்

(செந்தூலில் நடந்த மாதர் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய சொற்பொழிவு)



நாம் கூட்டம் போட்டால் சம்பளத்தைப் பற்றிப் பேசுவோம், போனஸைப் பற்றிப் பேசுவோம், வீட்டு வசதியைப் பற்றிப் பேசுவோம். இன்று சோற்றுத் தட்டைப் பற்றியும் தேநீர்க் குவளையைப் பற்றியும் பேசப் போகிறோம். கர்ப்பமாக இருக்கும் பெண்ணுக்கு வரும் இனிப்பு நீர் வியாதியைப் பற்றிப் பேசப் போகிறோம். தோட்டத் தொழிலாளர் சங்கத்துக்கு இது என்ன வேலை, இது டாக்டர் பேச வேண்டிய பேச்சல்லவா என்று சிலர் எண்ணலாம். அந்தக் கேள்வி நியாயமானதே. பேச்சு முடிவதற்குள் அதற்கு விடை சொல்லிவிடுவோம்.

செந்தூல் என்றால் ஒரு காலத்தில் இரயில்வே பட்டறை. அந்தப் பட்டறையை நம்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் இங்கே வேர் விட்டன. பின்னால் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீட்டு மனைகளாக மாறியும் போனபோது, லயத்து வீட்டை விட்டு வெளியேறிய நம் குடும்பங்களும் இந்தப் பக்கத்து அடுக்குமாடி வீடுகளுக்கு வந்து சேர்ந்தன. இந்தக் கூட்டத்தில் இன்றும் பால் வெட்டும் சகோதரிகள் இருக்கிறார்கள். தாயார் பால் வெட்டியவர், தாம் தொழிற்சாலையில் நிற்பவர் என்று சொல்லக் கூடியவர்களும் இருக்கிறார்கள். வேலை மாறியிருக்கலாம். காலையில் பசியாறாமல் ஓடுவதும், கிளினிக்குக்குப் போனால் அன்றைய கூலி போகுமே என்று அஞ்சுவதும் மாறவில்லை.

ஒரு சகோதரியின் கேள்வி

நமக்குத் தெரிந்த ஒரு சகோதரியின் கதையை முதலில் சொல்லுகிறோம். பெயரும் வேண்டாம், தோட்டமும் வேண்டாம். அவர் பால் வெட்டுபவர். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். மூன்றாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது, ஆறாம் மாதத்தில், வெறும் வயிற்றோடு வந்து இனிப்புத் தண்ணீர் குடித்துச் சோதனை செய்துகொள்ள வேண்டுமென்று கிளினிக்கில் தாதி தேதி எழுதிக் கொடுத்தார். அந்த நாளில் நிறையை விட்டுப் போனால் கூலி இல்லை. வேறொரு தேதி கொடுத்தார்கள். அன்றைக்கு ஆள் குறைவு, போகக் கூடாது என்று மண்டோர் சொல்லிவிட்டார். இரண்டு தேதியும் தவறின. பிறகு யாரும் கேட்கவுமில்லை, அவர் போகவுமில்லை.

வீட்டில் மாமியார் நல்லவர். மருமகளை அன்பாகவே பார்த்துக்கொண்டார். "ஏம்மா, வயித்துல ஒரு உசிரு இருக்கு. ரெண்டாள் சாப்பாடு சாப்பிட வேணாமா?" என்று மூன்று வேளையும் சோற்றைக் குவித்துப் போட்டார். டின் பால் ஊற்றிய தேநீர் நாளைக்கு நான்கு முறை. பிள்ளை பிறந்தது, 4 கிலோவும் 400 கிராமும். தலை வந்த பிறகு தோள் சிக்கிக்கொண்டது. டாக்டரும் தாதிகளும் போராடித்தான் பிள்ளையை எடுத்தார்கள். பிள்ளை பிழைத்தது. ஆனால் வலது கையைத் தூக்க அதற்குப் பல மாதங்கள் ஆயின.

அந்தச் சகோதரி நம்மிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "அன்னைக்கு ஒரு நாள் சம்பளத்த விட்டிருந்தா எம்புள்ளைக்கு இப்படி ஆயிருக்காதா அக்கா?"

அப்போது நம்மால் வாய் திறக்க முடியவில்லை. இன்றைய பேச்சு முழுவதும் அந்தக் கேள்விக்கான விடைதான்.

இது என்ன வியாதி?

முதலில் வியாதியைப் புரிந்துகொள்வோம். நாம் உண்ணும் சோறு, ரொட்டி, தோசை, கிழங்கு, சீனி எல்லாம் கடைசியில் இரத்தத்தில் சர்க்கரையாகக் கலக்கின்றன. அந்தச் சர்க்கரையை உடம்பு பயன்படுத்திக்கொள்வதற்குக் கணையம் என்னும் உறுப்பு இன்சுலின் என்ற ஒன்றைச் சுரக்கிறது. பிள்ளை உண்டானதும், பிள்ளைக்கு உணவு கொடுக்கும் நச்சுக்கொடி சில சுரப்புகளை உண்டாக்குகிறது. அவை தாயின் இன்சுலினுடைய வேகத்தைத் தடுக்கின்றன. பிள்ளைக்குச் சர்க்கரை தாராளமாகக் கிடைக்க வேண்டுமென்பதற்கு இயற்கை செய்த ஏற்பாடு இது. ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு இந்தத் தடை வலுக்கிறது. பெரும்பாலான பெண்களின் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து ஈடுகட்டிவிடும். ஈடுகட்ட முடியாதபோது இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. இதைத்தான் கர்ப்ப கால இனிப்பு நீர் என்கிறோம்.

தாயின் இரத்தத்திலுள்ள சர்க்கரை நச்சுக்கொடி வழியே பிள்ளைக்குப் போகும். தாயின் இன்சுலின் போகாது. ஆகவே அளவுக்கு மிஞ்சி வரும் சர்க்கரையைச் சமாளிக்கப் பிள்ளையின் சின்னக் கணையமே கூடுதலாக இன்சுலின் சுரக்க வேண்டியதாகிறது. டென்மார்க் நாட்டு டாக்டர் பெடர்சன் 1950-களிலேயே இதை விளக்கிச் சொன்னார். அப்படிச் சுரக்கும் இன்சுலின் பிள்ளையின் உடம்பில் கொழுப்பைச் சேர்க்கிறது. தோளும் வயிறும் பருக்கின்றன. பிரசவம் கடினமாகிறது. பிறந்து தொப்புள்கொடியை அறுத்ததும் தாயிடமிருந்து வந்த சர்க்கரை நின்றுவிடுகிறது. பிள்ளையின் இன்சுலினோ உடனே குறைவதில்லை. அதனால் பிறந்த சில மணி நேரத்துக்குள் பிள்ளையின் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். தாய்க்கும் இரத்த அழுத்தம் ஏறும் அபாயம் கூடுகிறது.

"பிள்ளை கொழுகொழுவென்று பிறந்திருக்கிறது, நல்ல ஊட்டம்" என்று நம் பாட்டிமார் மகிழ்ந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டோம். பஞ்சத்தையும் ஜப்பான்காரன் காலத்து மரவள்ளிக் கிழங்கையும் கண்டவர்கள் அவர்கள். ஆனால் எல்லாக் கொழுப்பும் ஊட்டமல்ல என்பதை இன்று அறிந்திருக்கிறோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெரும்பாலும் இந்த வியாதி வெளியே தெரியாது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. தாகமும் அடிக்கடி சிறுநீர் போவதும் எல்லாக் கர்ப்பிணிக்கும் உள்ளதுதானே என்று விட்டுவிடுவோம். சோதித்தால்தான் தெரியும்.

நம்மவர்க்கு ஏன் அதிகக் கவனம் வேண்டும்?

இந்நாட்டு சுகாதார அமைச்சு 2019-இல் நடத்திய கணக்கெடுப்பில், பெரியவர்களில் 100-க்கு 18 பேருக்கு இனிப்பு நீர் இருப்பது தெரிந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் 100-க்கு 31 பேர். நம் தெருவில் பத்து வீட்டுக் கதவைத் தட்டினால் எத்தனை வீட்டில் மாத்திரைப் பெட்டி இருக்கிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். தாய், தகப்பன், உடன்பிறந்தவர் ஆகியோரில் ஒருவருக்கு இனிப்பு நீர் இருந்தாலும் கர்ப்ப காலத்தில் அது வரும் வாய்ப்புக் கூடுதல். அப்படியானால் நம்மில் எத்தனை பேர் கவனமாக இருக்க வேண்டியவர்கள்!

இதைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். இன்சுலின் 1922-இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குக் கொடுக்கப்படும் வரையில், இனிப்பு நீர் உள்ள பெண் கர்ப்பமானால் தாயின் உயிருக்கும் பிள்ளையின் உயிருக்கும் பெரும் ஆபத்து இருந்தது. அந்தக் காலம் போய்விட்டது. ஆஸ்திரேலியாவில் 1,000 கர்ப்பிணிகளை வைத்து நடத்திய ஓர் ஆராய்ச்சியின் முடிவு 2005-இல் வெளிவந்தது. அவர்கள் எல்லோருக்கும் கர்ப்ப காலத்தில் சர்க்கரை மிதமாக ஏறியிருந்தது. ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு. மறு பாதிப் பேருக்கு உணவு யோசனை, வீட்டில் சர்க்கரை பார்த்தல், தேவைப்பட்டால் இன்சுலின். வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களின் பிள்ளைகளில் 100-க்கு 4 பேருக்குக் கடுமையான கேடு நேர்ந்தது. மறு பாதியில் 100-க்கு ஒன்றுதான். கவனிப்புப் பெற்றவர்களிலும் ஐந்தில் ஒருவருக்குத்தான் இன்சுலின் தேவைப்பட்டது. மற்றவர்கள் அன்றாடப் பழக்கத்தைக் கொண்டே சமாளித்தார்கள். ஆகவே, இது விதியல்ல. கையாளக் கூடிய காரியம்.

சோதனையைத் தவற விடாதீர்கள்

நம் நாட்டில் 25 வயதைத் தாண்டிய கர்ப்பிணிகளுக்கு 24-ஆம் வாரத்துக்கும் 28-ஆம் வாரத்துக்கும் இடையே இந்தச் சோதனை செய்கிறார்கள். எடை அதிகமானவர்கள், குடும்பத்தில் இனிப்பு நீர் உள்ளவர்கள், முந்திய பிள்ளை 4 கிலோவுக்கு மேல் பிறந்தவர்கள், முன் கர்ப்பத்தில் சர்க்கரை ஏறியவர்கள் ஆகியோர் முதல் முறை கிளினிக்குக்குப் போகும்போதே சோதிக்கப்பட வேண்டியவர்கள். அப்போது சரியாக இருந்தாலும் ஆறாம் மாதத்தில் மறுபடியும் பார்க்க வேண்டும். தாதி கேட்கும்போது இவற்றை மறைக்காமல் சொல்லுங்கள்.

முதல் நாள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றும் உண்ணாமல் காலையில் போக வேண்டும். முதலில் இரத்தம் எடுப்பார்கள். பிறகு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடிக்கச் சொல்வார்கள். இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி இரத்தம் எடுப்பார்கள். அந்த இரண்டு மணி நேரமும் உட்கார்ந்தே இருங்கள். வெளியே நடக்கவும் வேண்டாம், எதையும் தின்னவும் வேண்டாம். வெறும் வயிற்றுக் கணக்கு 5.1 அல்லது அதற்கு மேலும், இரண்டு மணி நேரக் கணக்கு 7.8 அல்லது அதற்கு மேலும் இருந்தால், இரண்டில் ஒன்று போதும், கர்ப்ப கால இனிப்பு நீர் என்று முடிவு செய்வார்கள். சோதனை முடிந்ததும் சாப்பிட வீட்டிலிருந்தே பொட்டலம் கட்டிக்கொண்டு போங்கள். மயக்கத்தோடு பஸ் ஏற வேண்டாம்.

இங்கே சென்னையில் நடந்த ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. டாக்டர் சேஷையா என்பவர் கர்ப்பிணிகளின் இனிப்பு நீருக்காகவே பல்லாண்டு உழைத்தவர். கிராமத்துப் பெண் வெறும் வயிற்றோடு வா என்றால் வர மாட்டாள்; தூரம், வேலை, கூலி எல்லாம் குறுக்கே நிற்கும் என்பதை அவர் கண்டார். ஆகவே, சாப்பிட்டு வந்திருந்தாலும் சரி, வந்த அன்றைக்கே 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே முறை இரத்தம் பார்த்தால் போதும் என்ற முறையை அவரும் அவரைச் சேர்ந்தவர்களும் வகுத்தார்கள். தமிழக அரசு 2007-இல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சோதனையைக் கட்டாயமாக்கியது. அவர் பிறந்த நாளான மார்ச் 10, இந்தியாவில் கர்ப்ப கால இனிப்பு நீர் விழிப்பு நாளாகக் கொள்ளப்படுகிறது.

நம் நாட்டு முறை வேறு. இங்கே வெறும் வயிற்றோடுதான் போக வேண்டும். ஆனால் அந்த டாக்டரின் எண்ணத்தை நாம் மறக்கக் கூடாது. ஏழைப் பெண் சோதனைக்கு வரவில்லையென்றால் அவளைத் திட்டாமல், அவள் வருவதற்கு எது தடை என்று பார்த்து அந்தத் தடையை அகற்றினார்கள். சங்கம் செய்ய வேண்டியதும் அதுவே.

தட்டும் குவளையும்

இனி அன்றாடப் பழக்கத்துக்கு வருவோம். "சோற்றையே நிறுத்து" என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். சோறு விஷமல்ல. பட்டினி கிடப்பதும் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. அளவு, நேரம், கூட்டு ஆகிய மூன்றையும் கவனித்தால் போதும்.

அளவுக்கு ஒரு சுலபமான வழியுண்டு. சுகாதார அமைச்சு அதை 'சூக்கு சூக்கு சிபாரோ' என்று சொல்கிறது. தட்டை நான்கு பங்காக எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு கால் பங்கு சோறு. ஒரு கால் பங்கு மீனோ கோழியோ முட்டையோ பருப்போ. மீதிப் பாதி கீரையும் காய்கறியும் பழமும். நம் வீட்டுத் தட்டில் சோறு முக்கால், கறி ஒரு மூலை, கீரை ஊறுகாய் போலத் துளி. அதைத் திருப்பிப் போட வேண்டும், அவ்வளவுதான். சோற்றை அளக்க வீட்டில் ஒரே கிண்ணத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிண்ணம் சோற்றில் சுமார் 45 கிராம் மாச்சத்து இருக்கிறது. ஒரு துண்டு ரொட்டியில் சுமார் 15 கிராம். உங்களுக்கு ஒரு வேளைக்கு எவ்வளவு ஆகும் என்பதைக் கிளினிக்கில் கேட்டு, அந்தக் கிண்ணத்திலேயே கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

பாதித் தட்டை நிரப்பப் பணக்காரப் பண்டம் வேண்டியதில்லை. காங்கோங், பாயாம் கீரை, முருங்கைக்கீரை, வெண்டைக்காய், பயற்றங்காய், நீட்டு கத்தரிக்காய், முட்டைக்கோஸ் எல்லாம் செந்தூல் பாசாரில் கிடைப்பவை. தோட்டத்தில் வீட்டுக்குப் பின்னால் வளர்பவை. மீனென்றால் கெம்போங் மீன் போதும். தவ்வும் தெம்பேயும் பருப்பும் அவித்த கடலையும் விலை குறைந்தவை. முதலில் கீரையையும் மீனையும் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் பிறகு சோற்றில் கை வைத்தால் சர்க்கரை மெதுவாக ஏறும்.

நேரம் என்பது இரண்டாவது. மூன்று வேளைச் சாப்பாட்டைக் குறைத்து, இடையில் இரண்டு மூன்று முறை சிறிது சாப்பிடுங்கள். விடியற்காலை நான்கரைக்கு எழுந்து வெறும் தேநீரோடு பிரட்டுக்குப் போய், பத்து மணிக்குப் பசி தாங்காமல் இரண்டு ரொட்டி சானாய், மத்தியானம் குவித்த சோறு, பிறகு தூக்கம் என்பதுதான் நம் பழக்கம். பட்டினியும் பெருந்தீனியும் மாறி மாறி வந்தால் சர்க்கரை ஊஞ்சல் ஆடும். வேலைக்குப் புறப்படும் முன் அவித்த முட்டை ஒன்றும் ஒரு துண்டு ரொட்டியும் போதும். கூடையில் ஒரு டப்பா சுண்டல் எடுத்துக்கொண்டு போங்கள். காலை வேளையில்தான் கர்ப்பிணிக்குச் சர்க்கரை எளிதில் ஏறும். ஆகவே காலையில் நாசி லெமாக்கும் இனிப்புத் தேநீரும் ஒன்றாக வேண்டாம்.

மூன்றாவது குவளை. தின்பதை மறைக்கலாம், குடிப்பதை உடம்பு மறக்காது. டின் பாலில் ஏறத்தாழப் பாதி சீனி. சிராப் தண்ணீர், மைலோ, டப்பாப் பழச்சாறு, சோடா எல்லாம் ஒரே குடும்பம். 100 மில்லிக்கு 10 கிராம் சீனியுள்ள பானம் ஒரு சிறு டின் குடித்தால், ஏழெட்டுத் தேக்கரண்டிச் சீனியை வாயில் கொட்டிக்கொண்டதற்குச் சமம். கடையில் தேநீர் கேட்கும்போது 'தே ஓ கோசோங்' என்று கேட்கப் பழகுங்கள். முதல் வாரம் கசக்கும். மூன்றாவது வாரம் பழகிவிடும்.

சீனிக்குப் பதிலாகக் கருப்பட்டி, குலா மெலாக்கா, தேன் சேர்த்தால் கெடுதல் இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். இரத்தத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. மூன்றும் சர்க்கரைதான். கஞ்சி குடித்தால் இலேசு என்பதும் அப்படியே. குழைந்த அரிசி வேகமாகச் சர்க்கரையாகும். பழம் சாப்பிடலாம், ஒரு வேளைக்கு ஒரு சிறு பழம், கடித்துச் சாப்பிடுங்கள், சாறாகப் பிழிய வேண்டாம். வளைகாப்பு நாளில் ஆசைக்கு ஒரு வாய் பாயசம் சாப்பிட்டால் உலகம் கவிழ்ந்துவிடாது. அந்த வேளைச் சோற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் மிச்சப் பாயசத்தை மருமகள் தலையில் கட்டாதீர்கள் என்று மாமியார்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

"நாங்கள் உழைக்கிறோமே, நடையும் வேண்டுமா?"

இதைக் கேட்காத பால் வெட்டும் சகோதரி இல்லை. காலையில் நூற்றுக்கணக்கான மரத்துக்கு நடப்பவளைப் பார்த்து நட என்று சொல்லலாமா? சொல்லுகிறோம், காரணத்தோடு. தசை வேலை செய்யும்போது இரத்தச் சர்க்கரையை எடுத்துச் செலவழிக்கிறது. நம் உழைப்பு காலையில். நம் பெரிய சாப்பாடு மத்தியானமும் இரவும். சாப்பிட்டதும் படுத்துவிடுகிறோம். சர்க்கரை ஏறும் நேரத்தில் உடம்பு சும்மா கிடக்கிறது. ஆகவே சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் மெல்ல நடந்தால் போதும். லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, அடுக்குமாடியானால் கீழே கார் நிறுத்தும் இடத்தைச் சுற்றி. பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம். கணவன்மாரே, நீங்களும் கூட நடங்கள். உங்களுக்கும் அது மருந்து.

பால் வாளி தூக்குவது உடற்பயிற்சி அல்ல. பாரம் தூக்கும் வேலையை மாற்றிக் கொடுக்கும்படி கேட்க வேண்டும். இரத்தப்போக்கு உள்ளவர்கள், நச்சுக்கொடி கீழே இருப்பவர்கள், ஓய்வெடுக்கும்படி டாக்டர் சொன்னவர்கள் நடைக்கு முன் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எண்ணும் ஊசியும்

வீட்டில் விரல் நுனியைக் குத்திச் சர்க்கரை பார்க்கும் சிறு கருவியை வாங்க முடிந்தவர்கள் வாங்கலாம். கருவியையும் குத்தும் ஊசியையும் பக்கத்து வீட்டாரோடு ஒருபோதும் பங்கிடாதீர்கள். வெறும் வயிற்றில் 5.3-க்குள், சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் 7.8-க்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவு. எண்ணையும் என்ன சாப்பிட்டீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள். எண் கூடினால் புத்தகத்தில் குறைத்து எழுதாதீர்கள். அது பள்ளிக்கூடத்து மார்க் அல்ல. தாதியை ஏமாற்றுவதால் பிள்ளையை ஏமாற்ற முடியாது. எந்தச் சாப்பாடு உங்களுக்கு ஒத்துக்கொள்கிறது என்று அந்த எண்ணே கற்றுக் கொடுக்கும்.

இவ்வளவு செய்தும் சர்க்கரை இறங்கவில்லையென்றால் டாக்டர் மாத்திரையோ இன்சுலின் ஊசியோ கொடுப்பார். அது தோல்வியுமல்ல, தண்டனையுமல்ல. நச்சுக்கொடியின் தடை சிலருக்கு அவ்வளவு பலமாக இருக்கிறது, அவ்வளவுதான். ஊசி போட்டால் பிள்ளைக்குப் பாதகம் என்பது வீண் பயம். ஊசி போட்டுக்கொள்பவர்கள் வேளைச் சாப்பாட்டைத் தவற விடக் கூடாது. கை நடுங்கி, வேர்த்து, கண் இருண்டால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று பொருள். உடனே மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, பிறகு சிறிது சாப்பிடுங்கள். அந்த ஒரு வேளைக்கு மட்டும் சீனியே மருந்து.

வேப்பிலைச் சாறு, பொடி, கஷாயம் என்று யாராவது கொடுத்தால் கிளினிக்கில் காட்டாமல் குடிக்காதீர்கள். வெள்ளிக்கிழமை விரதம், தைப்பூச விரதம் இருப்பவர்களையும் கேட்டுக்கொள்கிறோம்: இந்த ஒன்பது மாதம் முருகன் பொறுத்துக்கொள்வான். ஊசி போட்டுக்கொண்டு பட்டினி கிடக்காதீர்கள். பிள்ளையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்ததாகத் தோன்றினால் நாளைக்குப் பார்க்கலாம் என்று இராமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பிள்ளை பிறந்த பிறகு

பிள்ளை பிறந்ததும் சீக்கிரமாகத் தாய்ப்பால் கொடுங்கள். பிள்ளையின் சர்க்கரை இறங்காமலிருக்க அது உதவும். நச்சுக்கொடி வெளியே வந்ததும் தடை நீங்குகிறது. பெரும்பாலோர்க்குச் சர்க்கரை பழைய நிலைக்குத் திரும்பும். அதோடு மறந்துவிடுகிறோம். அதுதான் பெருந்தவறு. கர்ப்பத்தில் சர்க்கரை ஏறிய பெண்ணுக்குப் பிற்காலத்தில் நிலையான இனிப்பு நீர் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு மடங்குக்கு மேல். ஆகவே பிள்ளை பிறந்த ஆறாம் வாரத்தில் மறுபடியும் அதே சோதனை. அதன் பிறகு ஆண்டுக்கு ஒரு முறை. பிள்ளையின் தடுப்பூசிக்குப் போகும் நாளிலேயே உங்கள் இரத்தத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

சங்கத்துக்கு என்ன வேலை?

இப்போது ஆரம்பத்தில் எழுந்த கேள்விக்கு வருவோம். நேரத்துக்குச் சாப்பிடு, இடையில் சிறிது சாப்பிடு, சோதனைக்குப் போ, பாரம் தூக்காதே என்றெல்லாம் சொன்னோம். இவற்றில் எது பெண் ஒருத்தியின் கையில் மட்டும் இருக்கிறது? சாப்பிட நேரம் முதலாளி கையில். சோதனை நாள் மண்டோர் கையில். சமையல் மாமியார் கையில். சந்தைப் பணம் கணவன் கையில். எல்லாம் பிறர் கையில் இருக்க, சர்க்கரை ஏறினால் மட்டும் "வாயைக் கட்டவில்லை" என்று அவளைக் குற்றம் சொல்கிறோம்.

சட்டம் நமக்குக் கொடுத்திருப்பதை முதலில் தெரிந்துகொள்வோம். இடைவிடாமல் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. அரை மணி நேரமாவது ஓய்வு கொடுக்க வேண்டும் என்று வேலைச் சட்டம் சொல்கிறது. அந்த அரை மணி நேரத்தில்தான் சுண்டல் டப்பாவைத் திறக்க வேண்டும். பிரசவ விடுப்பு 2023-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்திருக்கிறது. கணவனுக்கு 7 நாள் விடுப்பும் அப்போதுதான் சட்டமாயிற்று. இவை வானத்திலிருந்து விழவில்லை. தொழிற்சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டுக் கேட்டு வந்தவை.

ஆனால் 98 நாளும் பிரசவத்தை ஒட்டிய நாட்கள். ஆறாம் மாதத்துச் சோதனைக்கு அதில் இடமில்லை. ஆகவே ஒவ்வொரு கிளையிலும் மூன்று காரியம் செய்யும்படி கேட்டுக்கொள்கிறோம். முதலாவது, கிளையிலுள்ள கர்ப்பிணிகளின் சோதனைத் தேதியைக் கிளைச் செயலாளர் ஒரு நோட்டில் எழுதி வைத்து, அந்த நாளுக்கு முன்பே நிர்வாகத்திடம் சொல்லிவிட வேண்டும். கர்ப்பிணி தனியாகப் போய் மண்டோரிடம் கெஞ்ச வேண்டிய நிலை இருக்கக் கூடாது. இரண்டாவது, அந்த ஒரு நாள் கூலி போகாமலிருக்க நிர்வாகத்தோடு பேச வேண்டும். பேச்சு முடியும் வரையில், கிளைத் தோழர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அந்தக் கூலியை ஈடுகட்டினால் யாரும் ஏழையாகிவிட மாட்டோம். மூன்றாவது, கர்ப்பிணிக்குப் பாரம் தூக்கும் வேலையை மாற்றிக் கொடுக்கக் கேட்க வேண்டும்.

வீட்டிலும் ஒரு வேலை இருக்கிறது. அவளுக்கு மட்டும் தனித் தட்டு, தனிக் கறி என்று வைத்தால் மூன்றாம் நாளே அது தண்டனையாகத் தோன்றும். வீடு முழுவதும் அதே தட்டில் சாப்பிடுங்கள். பாதி கீரை, கால் மீன், கால் சோறு. 2019 கணக்கெடுப்பில் நூற்றில் முப்பத்தொருவருக்கு இனிப்பு நீர் இருப்பது தெரிந்த சமூகத்தில் அந்தத் தட்டு எல்லோருக்கும் வேண்டிய தட்டுதான்.

அந்தச் சகோதரியின் கேள்விக்கு இன்று விடை சொல்லுகிறோம். "சோதனைக்குப் போயிருந்தால் பிள்ளைக்கு அப்படி ஆகாமலிருந்திருக்கக் கூடும், தங்கச்சி. ஆனால் ஒரு நாள் கூலியா பிள்ளையா என்று உன்னை ஒருத்தியாக நின்று தேர்ந்தெடுக்க விட்டது எங்கள் குற்றம். உன் குற்றமல்ல." அந்தப் பிள்ளை இன்று இரண்டு கையாலும் பந்து பிடிக்கிறான். அவனுக்குத் தங்கை பிறக்கும்போது அவன் தாய் தேதியைத் தவற விட மாட்டாள். கிளைச் செயலாளரின் நோட்டில் அவள் பெயர் இருக்கும்.

இங்கே வந்திருக்கும் ஒவ்வொருவரும் வீட்டுக்குப் போனதும், தெரிந்த கர்ப்பிணி ஒருவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "சோதனைக்கு எந்தத் தேதி?" அவர் தேதி சொன்னால், அன்றைக்கு அவருடைய மூத்த பிள்ளையை நீங்கள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லுங்கள்.